சோப்பில் சிவந்த மஞ்சள்

பெண் பார்க்க வருகிறார்கள் என்று நாள் குறித்ததிலிருந்து நான் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் வாசலுக்குப் போய், வெயிலில் இரண்டு கைகளையும் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். வீட்டுக்குள் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயில் பட்டதும் நகக்கண்ணிலும் விரல் ரேகையிலும் மினுக்கென்று ஒரு வெள்ளி நிறம் தெரியும். அதைப் பார்த்ததும் விரல்களை மடக்கிக்கொள்வேன்.

அந்த வெள்ளி, பட்டாசு மருந்து. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலி, மேசை, மின்விசிறி என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வெட்டவெளியில் வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், அவ்வளவுதான். மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பவுடர் கோதுமை மாவைவிட நைசாக இருக்கும். துணிக்குள் போகும், காது மடலுக்குள் போகும், மூக்கைச் சிந்தினால் அதிலும் வரும். சாயங்காலம் வேனில் திரும்பும்போது எங்கள் எல்லாருக்கும் ஒரே நிறம். கறுப்பு, சிவப்பு, மாநிறம் என்ற பேச்சுக்கே அந்த வேனில் இடமில்லை.

நிறம் போனதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நான் வேலைக்குப் போவது வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் கவலை. நாங்கள் சம்சாரி வீடு. சொந்தக் கரிசல் காட்டில் சொந்தமாக விதைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்று அர்த்தம். விதைத்தது உண்மை. மழை ஏமாற்றி ஏமாற்றி, மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகி, சாப்பிடுவது மட்டும் வரவர நடக்காமல் போனது. ஆனாலும் அடுத்தவன் காட்டுக்குக் கூலிக்குப் போவதையே கௌரவக் குறைச்சலாக நினைக்கிற குடும்பம். மகள் வேனில் ஏறி மருந்து அடைக்கப் போகிறாள் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஊருக்கு எல்லாம் தெரியும், ஊர் காட்டிக்கொடுக்காது. வெளியூர்க்காரர்களுக்குத்தான் அய்யா ஒரு கதை சொல்லி வைத்திருந்தார். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.

"பிள்ள சாத்தூர்ல கம்ப்யூட்டர் கிளாஸ் போகுது."

இந்தப் பொய்யால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒரு காதுகுத்து வீட்டில் தூரத்துச் சித்தப்பா ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டினார். படமெல்லாம் அழிந்துபோய்விட்டதாம், மீட்டுத் தர வேண்டுமாம். நான் வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, இதை மதுரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் சித்தப்பா என்று முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு சொன்னேன். "படிச்ச பிள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிரிக்கிற விஷயமாக இது இப்போது தெரிகிறது. அப்போது இல்லை. அதற்கு முந்தின வருஷம் எனக்குப் பேசி முடித்த மாதிரி இருந்த ஒரு சம்பந்தம், யாரோ என்னை வேனில் பார்த்ததாகச் சொல்லி நின்றுபோயிருந்தது. அவர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை. போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அய்யா அதன்பிறகு பல நாள் சரியாகப் பேசவில்லை, பேசினாலும் மாட்டிடம்தான் பேசினார். இதுவும் போனால் இவர் என்ன ஆவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்த மாப்பிள்ளையின் போட்டோ எனக்குப் பிடித்திருந்தது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சூப்பர்வைசர் என்றார்கள். போட்டோவில் கொஞ்சம் பயந்தவர் மாதிரி நின்றிருந்தார். என்னை மாதிரி இன்னொரு பயந்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டைப் பற்றி விசாரித்ததில் ஒரே ஒரு கலக்கம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மாவும் ஒரு அக்காவும்தான். அக்காவை விருதுநகரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த மருமகன் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டமாம். கௌரவம் பார்க்கிற மனுசன் என்று தரகர் அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். அப்படிச் சொன்னது எச்சரிக்கையா, புகழ்ச்சியா என்று எனக்கும் அம்மாவுக்கும் பிடிபடவில்லை.

நாள் குறித்த அன்றே காய்ச்சல் என்று ஆபீஸ் போர்மேனிடம் சொல்லி நான் லீவு எடுத்துக்கொண்டேன். அம்மா மஞ்சளை எடுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு மஞ்சள் மேல் இருந்த நம்பிக்கை எந்தச் சாமி மேலும் இருந்ததில்லை. காலில் முள் குத்தினால் மஞ்சள், தொண்டை கட்டினால் பாலில் மஞ்சள், அம்மை இறங்கினால் வேப்பிலையோடு மஞ்சள். குழம்புக்குப் போடுவது விரலி மஞ்சள், முகத்துக்குக் குண்டு மஞ்சள் என்று இரண்டு டப்பா வைத்திருந்தாள். குண்டு மஞ்சளைக் குளியல் கல்லில் தண்ணீர் விட்டு உரசி, அந்த விழுதை முகம், கழுத்து, கை, கால் என்று அப்பிவிட்டு, காய்கிறவரை என்னை நகர விடமாட்டாள். நான் என் பங்குக்கு போனில் தேடினேன். தயிரோடு மஞ்சள், கடலை மாவோடு மஞ்சள், தேனோடு மஞ்சள் என்று ஆளாளுக்கு ஒரு வீடியோ. எல்லாரும் முதலிலேயே பளபளவென்று இருந்தார்கள். பூசின பிறகு என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

மஞ்சளைக் குறை சொல்ல மாட்டேன். ஆபீஸ் வெக்கையில் நெற்றியில் வந்திருந்த பருக்கள் மூன்று நான்கு நாளில் அமுங்கின. கந்தக நெடியில் கழுத்தோரம் தடித்துக் கிடந்த இடம் அரிப்பு நின்று மெத்தென்று ஆனது. நல்லெண்ணெயில் குழைத்துக் குதிகாலில் தடவியதில் வெடிப்பு மூடியது. உதட்டுக்கு மேல் இருந்த பூனைமுடிகூடக் குறைந்த மாதிரி இருந்தது, அது என் ஆசையாகவும் இருக்கலாம். வெள்ளைத் தோல் வரும் என்று அந்த வீடியோக்காரிகள் சொன்னது சுத்தப் பொய். நான் என் நிறத்தில்தான் இருந்தேன், ஆனால் தோல் தோலாக இருந்தது. தலையணை உறை மட்டும் ஏதோ கோயில் துணி மாதிரி ஆகிவிட்டது.

விரல்களில்தான் எதுவும் நடக்கவில்லை. மருந்து ரேகைக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. அதன் மேல் மஞ்சள் ஏறியதும் வெள்ளியும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் பாசி பிடித்த மாதிரி ஒரு நிறம் வந்தது. நகத்தை ஒட்ட வெட்டினேன். தேங்காய் நாரால் தேய்த்தேன். ரத்தம் கசிந்ததே தவிர அது போகவில்லை. காபித் தட்டை எப்படிப் பிடித்தால் விரல் நுனி தெரியாது என்று வெறும் தட்டை வைத்துப் பழகிப் பார்த்தேன். அம்மா, கிழக்கு ஜன்னலைச் சாத்திவிட்டால் கூடத்தில் வெளிச்சம் குறையும் என்று கணக்குப் போட்டாள். ஜன்னலைச் சாத்திவைத்து விருந்தாளியை உட்கார வைத்தால் சந்தேகம் வராதா என்று அய்யா கேட்டார். ஒரு ஜன்னலுக்காக அவர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டதை அப்போதுதான் பார்த்தேன்.

அவர்கள் வருகிற அன்று காலையில் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. குளித்து முடித்து நின்ற என்னைப் பின்பக்கத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணி துவைக்கிற சோப்பும் சலவைச் சோடாவும் எடுத்து, இரண்டு கைகளையும் முழங்கை வரை தேய்த்தாள். எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் வெள்ளி கிளம்பத் தொடங்கியது, தொட்டித் தண்ணீரில் மினுமினுப்பு மிதந்ததை நானே பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அதே சந்தோஷத்தில், கையைச் சரியாகக்கூட அலசாமல், சொரசொரப்புத் தெரியாமல் இருக்கட்டும் என்று அம்மா மேலே மஞ்சள் விழுதை அள்ளிப் பூசினாள்.

கண் முன்னால் என் கைகள் சிவந்தன.

ரத்தச் சிவப்பு. ஆரத்தித் தட்டில் முக்கி எடுத்த மாதிரி. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் ஆரத்தி கரைக்க அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். சோடாவும் அதே வேலையைச் செய்யும் என்று அந்த அவசரத்தில் அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் செய்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். சிவப்பைப் போக்குவதற்கு மறுபடி சோப்புப் போட்டோம். இன்னும் சிவந்தது. மறுபடி சோப்பு. நகத்தைச் சுற்றி, மணிக்கட்டு வரிகளில், வெட்டுப்பட்ட இடமெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவப்பு.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. அய்யாவின் குரல் கேட்டது.

"வாங்க வாங்க, பாத்து வாங்க, வழி கண்டுபிடிச்சு வந்துட்டீகளா."

அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியைக் கேட்டதும் எனக்கு உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அம்மா என் கைகளை முந்தானையில் சுற்றி அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மருதாணின்னு சொல்லிருவோம்."

"மருதாணி இப்பிடியாம்மா இருக்கும்? கொலை பண்ணிட்டு வந்தவ கை மாதிரி இருக்கு."

"வாய மூடுத்தா. கேட்டா மருதாணி. அம்புட்டுத்தான்."

கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். யாரோ ஒருவர் சத்தமாகச் சிரித்தார். அது விருதுநகர் மருமகன் என்று பார்க்காமலே தெரிந்தது. அந்தச் சிரிப்பில் ஒரு முதலாளித்தனம் இருந்தது. பிறகு ஒரு பெண் குரல், "நான் உள்ள போயி பொண்ணப் பாக்கேன்" என்றது. எங்கள் பக்கம் வழக்கம் அது. கூடத்துக்கு வரும் முன்பு மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி உள்ளே வந்து பெண்ணைப் பக்கத்தில் பார்த்துவிடுவாள். ஆண்கள் கண்ணுக்குத் தப்புவது அவள் கண்ணுக்குத் தப்பக் கூடாது.

மாப்பிள்ளையின் அக்கா வந்தாள். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"கையக் காட்டு."

அம்மா முந்திக்கொண்டாள். "நேத்து மருதாணி வச்சா. சரியாப் பிடிக்கல."

அந்த அக்கா என் வலது கையை முன்னால் இழுத்தாள். புரட்டிப் பார்த்தாள். மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்தாள். பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்.

"எந்த ஆபீசு?"

அம்மா அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. அய்யா வெளியே முறுக்கு எடுத்துக்கோங்க என்று யாரையோ உபசரித்துக்கொண்டிருந்தார்.

"ஏழாயிரம்பண்ணை பக்கம்" என்றேன்.

"என்ன வேல?"

"பூச்சட்டி அடைக்கேன்."

அவள் தலையை ஆட்டினாள். கத்துவாள், அவள் அம்மாவைக் கூப்பிடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள்.

"புளிச்ச மோரு இருக்கா?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவே கொஞ்ச நேரமாயிற்று. மாட்டுக்கு ஊற்ற வைத்திருந்த பழைய மோர் ஒரு சட்டியில் இருந்தது. அக்கா தன் பட்டுச்சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, சட்டியைத் தரையில் வைத்து, என் இரண்டு கைகளையும் பிடித்து அதற்குள் அமுக்கினாள். வெட்டுக்காயத்தில் மோர் பட்டு உயிர் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் விரல் விரலாக உருவிவிட்டாள். சிவப்பு இளகியது. முதலில் நகக்கண்கள், பிறகு மணிக்கட்டு, பிறகு உள்ளங்கை. வெளியே எடுத்தபோது என் கைகள் நல்ல மஞ்சளாக, எந்தக் கல்யாணப் பெண்ணின் கையும் போல இருந்தன. சோடா போட்டுத் தேய்த்ததில் வெள்ளியும் அநேகமாகப் போயிருந்தது.

அம்மா அழுதுகொண்டே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்துத் தாழ்த்தினாள்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நானும் இதத்தான் பண்ணேன். சோடாவப் போட்டுத் தேச்சுட்டு மேல மஞ்சள். பயத்துல அடுப்படில இருந்த எல்லாத்துலயும் கைய விட்டேன். புளிச்ச மோருல விட்டதும் மாறுச்சு."

"நீங்களும் ஆபீசுக்குப் போனீகளா?"

"எங்கம்மாதான் அனுப்புனா. அய்யா செத்ததுக்கப்புறம். தம்பி அப்பச் சின்னவன், அவனுக்குத் தெரியாது." என் கையை ஒரு துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒங்க வீட்டுக்காருக்கு?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இன்னுமா?"

"மூத்தவ ஆறாப்புப் படிக்கா" என்றாள். கணக்கை நான் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். "கடைக்குச் சாமான் வாங்க வர்ற பொம்பளைக யாராச்சும் என்னையவே உத்துப் பாத்தா, கூட வேல பாத்தவளோன்னு வீட்டுக்குள்ள ஓடிருவேன். தீவாளிக்குப் பிள்ளைக பூச்சட்டி வைக்கும்போது, இதுல மருந்து கம்மின்னு பாத்தாலே தெரியும். வாயத் தொறக்க மாட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து ஒன்று சொன்னாள். "பயப்படாத. கொஞ்ச நாள்ல பழகிரும்."

அதுவரை எனக்கு இருந்த பயத்துக்கு ஒரு முடிவு இருந்தது. அன்றைக்கு ஒரு நாள் தப்பித்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழகிவிடும் என்று அவள் சொன்னதும் அந்த முடிவு காணாமல் போய்விட்டது. இவ்வளவு நகையும் பட்டும் போட்டுக்கொண்டு ஒருத்தி தன் வீட்டிலேயே வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் அதைத்தான் எல்லாருமாகச் சேர்ந்து ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்.

காபித் தட்டை என் கையில் கொடுத்தார்கள். கூடத்தில் ஜன்னல் திறந்துதான் இருந்தது, அய்யா ஜெயித்திருந்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோவில் இருந்ததைவிட நேரில் இன்னும் பயந்திருந்தார். அவருடைய அம்மா ஒல்லியாக, வெற்றுக் கழுத்தோடு, அதிகம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நடுவில், இருந்ததிலேயே பெரிய நாற்காலியில் விருதுநகர் மருமகன். நான் காபியை நீட்டியதும் டம்ளரைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார்.

"பாருங்க அத்த, மஞ்சள் பூசுன கை" என்றார் தன் மாமியாரிடம். "இப்ப எந்தப் பொண்ணு மஞ்சள் பூசுது? எல்லாம் கிரீமு. நம்ம கடையில மஞ்சள் மூட மூடயா வருது, ஆனா பூராவும் குழம்புக்குத்தான் போகுது. மஞ்சள் பூசுனா தோல்ல ஒரு நோய் அண்டாது, முகத்துல ஒரு பரு வராது, அம்புட்டும் மருந்து." வியாபாரி பேச்சு தடையில்லாமல் வந்தது. காபியை ஒரு வாய் குடித்துக்கொண்டார். "இந்தப் பக்கத்துல பாதிப் பிள்ளைகளப் பாத்தா ஈயம் பூசுன சட்டி மாதிரில்ல அலையுது. குடும்பத்துப் பொண்ணுன்னா இப்பிடி இருக்கணும்."

சிரித்தார். அவர் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்பே அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்ற அக்கா சிரித்துவிட்டாள். எவ்வளவு காலமாக இந்தப் பேச்சைக் கேட்டு, எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவள் தெரிந்துவைத்திருந்தால் அப்படிச் சிரிக்க முடியும் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்குக் கோபம் வந்தால் பயம் ஓரமாக ஒதுங்கி நிற்கும், போகாது. அன்றும் அப்படித்தான்.

மாப்பிள்ளையின் அம்மா அய்யாவைப் பார்த்து, "பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"சாத்தூர்ல கம்ப்யூட்டர்..." என்று அய்யா ஆரம்பித்தார்.

"நான் பட்டாசு ஆபீசுக்குப் போறேன்" என்றேன். "பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேல. கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போகல."

தைரியமாகச் சொன்னேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தட்டில் மிச்சமிருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்து, அதை மடிக்கத் தொடங்கினார். அடுப்படி வாசலில் அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. நான் இந்த வீட்டைக் கெடுத்துவிட்டேன் என்று உறுதியாக நினைத்தேன். இந்த மனுசர் இனி எழுந்து மாட்டிடம்கூடப் பேசப் போவதில்லை.

மாப்பிள்ளை முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அங்கன... பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று தலையை ஆட்டினேன்.

மருமகன் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப அந்தத் தரகன் சொன்னது பூராம் பொய்யி" என்று மாமியாரைப் பார்த்தார். எழுந்திருக்கலாமா என்று கேட்கிற பார்வை அது.

அவருடைய மாமியார் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற தன் மகளைப் பார்த்தார். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. தலையை மிக லேசாக, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அசைத்தாள். வேண்டாம், என்னைப் பற்றிச் சொல்லிவிடாதே என்று அர்த்தம். அந்த அம்மா ரொம்ப நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேலைக்குப் போன பிள்ளன்னா ஒழைச்சுச் சாப்பிட்ட பிள்ள" என்றார். "எனக்கு இது போதும். பூவ எடு தாயி, வச்சு விடு" என்று மகளிடம் சொன்னார்.

எங்கள் பக்கம் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அய்யா துண்டை முகத்தில் பொத்திக்கொண்டார். மருமகனுக்கு முகம் கறுத்துவிட்டது. மாமியார் சொல்லிவிட்ட பிறகு எழுந்து போகவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

"ஒங்க இஷ்டம் அத்த. நான் ஒண்ணும் சொல்லல" என்றார். "எங்க வீட்டுப் பொம்பளைக யாரும் அந்த ஆபீசு வாசல மிதிச்சதில்ல. அம்புட்டுத்தான் நான் சொல்லுவேன்." தலையை மட்டும் பின்னால் திருப்பினார். "என்ன, சொல்லு."

அக்கா அதற்குள் என் பின்னால் வந்து நின்றிருந்தாள். மல்லிகைச் சரத்தை என் பின்னலில் சுற்றி ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள். "யாரும் மிதிச்சதில்ல."

அதைச் சொன்னபோது ஊசி கைதவறிக் கீழே விழுந்தது. அதைத் தேடுகிற சாக்கில் அவள் குனிந்தாள், வெகுநேரம் நிமிரவில்லை.